அக்காவின் எதிராளிகள்

முதலில் வந்தது கொய்யாப்பழம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் எனக்குப் பக்கத்து மெஷினில் உட்காரும் அக்கா, ஒரு திங்கட்கிழமை காலையில் பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினாள். "சாப்பிடு புள்ள. கைக்குத் தெம்பு வேணும்லா" என்றாள். அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் அவள் என்னிடம் பேசியது மொத்தமே "கொஞ்சம் தள்ளிக்கோ" என்பதுதான். மறுநாளும் கொய்யா வந்தது. அதற்கு மறுநாள் அவித்த பனங்கிழங்கு. வாரக் கடைசியில் சின்னத் தூக்குச்சட்டியில் சுக்குக் காப்பி. தின்பதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் காரணம் தெரியாமல் தின்றால் செரிக்காது. எதையும் துருவிப் பார்க்கிற குணம் சின்ன வயதிலிருந்தே உண்டு. அம்மா அதை வியாதி என்பாள்.

இது தொண்ணூறுகளின் நடுவில், பேட்டையில். கீழே சைக்கிள் கடை, மாடியில் எங்கள் இன்ஸ்டிடியூட். காலை ஆறு மணி வகுப்பில் பதினான்கு மெஷின்களும் ஒன்றாக அடிக்க ஆரம்பித்தால் சைக்கிள் கடைக்காரர் காதை மூடித் தலையில் துண்டைக் கட்டிக்கொள்வார். அந்த வருடங்களில் எங்கள் பக்கம் படிப்பை முடித்த பிள்ளைகள் எல்லாரும் செய்த காரியம் ஒன்றுதான். டைப் அடிக்கப் போவது, குரூப் ஃபோர் எழுதுவது, கிடைக்காவிட்டால் மறுபடியும் டைப் அடிக்கப் போவது. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் தண்ணீர்ச் செம்பை வாங்கும்போதே டைப் பரீட்சையில் "லோயரா, ஹையரா?" என்று கேட்டுவிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஹையர் முடித்தாள், எதிர்வீட்டுப் பையன் ஷார்ட்ஹேண்டும் முடித்தான் என்று அப்பா சாப்பாட்டு நேரத்தில் செய்தி வாசிப்பார். எனக்கு அதனால் ரோஷம் வந்ததே இல்லை. பி.எஸ்சி. முடித்துவிட்டுச் சும்மா இருந்தால் திட்டுவார்களே என்று வந்து உட்கார்ந்தவள் நான். சீக்கிரம் அடித்து முடித்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போய் வாரப் பத்திரிகை படிக்கலாம். அதற்காக வேகமாக அடித்தேன். விரல் தானாக ஓடியது. அந்த வகுப்பிலேயே அதிக வேகம் எனக்குத்தான் என்பதை மாஸ்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். டவுனில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர் வேலை. ஃபைல் தூக்குவது, டீ வாங்குவது, மேசை துடைப்பது. அங்கே டிரைவராக இருந்த அவளுடைய வீட்டுக்காரர் இறந்த பிறகு கருணை அடிப்படையில் கொடுத்த வேலை அது. அந்த அலுவலகத்து டைப்பிஸ்ட் சீக்கிரமே ஓய்வு பெறப்போகிறார். பத்தாவது பாஸான உதவியாளர் யாராவது ஆங்கிலத்தில் லோயரும் தமிழில் ஹையரும் முடித்திருந்தால் அந்த இடத்துக்குப் போடலாம் என்று விதி இருக்கிறதாம். ஆங்கில லோயர் அவள் கையில் இருந்தது. தமிழ் ஹையர்தான் பாக்கி. அதற்கான பதவி உயர்வுப் பட்டியல் எடுப்பதற்குள் ஒரே ஒரு பரீட்சைதான் வரும். "அந்த மிசின தெனமும் தொடைக்குதது நாந்தான். தொடச்சு, உறையப் போட்டு மூடிட்டு வந்துருவேன்" என்று ஒரு நாள் சொன்னாள்.

வகுப்புக்கு எல்லாருக்கும் முன்பே வந்துவிடுவாள். செருப்பைச் சுவரோரம் நேராக வைப்பாள், பத்து விரலையும் ஒவ்வொன்றாகச் சொடக்கு எடுப்பாள், பிறகுதான் தாளைச் செருகுவாள். யாரைப் பற்றியாவது பெருமையாகப் பேச்சு வந்தால் அவள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று. மேலப்பாளையத்துப் பையன் ஒருத்தன் பேங்க் பரீட்சையில் பாஸாகிவிட்டான் என்று மாஸ்டர் சொன்னபோது மற்றவர்கள் எந்தப் புத்தகம் படித்தான், எத்தனை மணிக்கு எழுந்தான் என்று விசாரித்தார்கள். அக்கா, "அவனுக்கு முன்னால யாரு சார் ஓடுனா?" என்று கேட்டாள். மாஸ்டர் விழித்தார். எனக்கும் அப்போது புரியவில்லை.

ஒரு முறை காய்ச்சலில் இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் அவள் எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். ஒரு கையில் கஞ்சி, இன்னொரு கையில் கண்டதிப்பிலி ரசம். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். "விரலு நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு வந்துரு" என்றாள். இன்னொரு முறை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று லீவு போட்டேன். எப்படியோ தெரிந்துகொண்டு விடியற்காலையிலேயே வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "பொண்ணு பாக்க சாயங்காலந்தான வாராவ? காலைல இவளுக்கு என்ன வேல? அனுப்புங்க மதினி" என்றாள். நான் போய் அடித்துவிட்டு வந்தேன். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அக்காவுக்கு அதில் சந்தோஷம் என்று அம்மா ரொம்ப நாள் சந்தேகப்பட்டாள்.

எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு உபசாரம்? வகுப்பில் பதினான்கு பேர் இருந்தார்கள். மற்றவர்களுக்கு ஒரு கொய்யா கூட வரவில்லை. எனக்கு அம்மாவிடமிருந்தே அப்படிக் கவனிப்புக் கிடைத்ததில்லை என்பதால் உள்ளுக்குள் குளிர்ந்துபோய் இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு என் மேல் தனிப் பிரியம் என்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்கால வகுப்பில் லேத் பட்டறை அண்ணன் ஒருவர் இருந்தார். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை முடித்து, கையில் கிரீஸ் வாசத்தோடு வருவார். ஒரு நாள் ஃபீஸ் கட்டப் போன நான், அக்கா காலையில் கொடுத்த கொய்யாவைப் படியில் உட்கார்ந்து தின்பதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இப்பம் ஒனக்கா கொய்யா?" என்று கேட்டுச் சிரித்தார். "எனக்கு நாலு மாசம் வந்துச்சு தங்கச்சி. கொய்யா, கெழங்கு, ஒரு நா மீன் கொழம்பு கூட. எங்க அம்மைக்கு ஒரே சந்தேகம். எவலே ஒனக்குக் கொழம்பு குடுத்து விடுதான்னு போட்டு வையுதா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒரு நா நின்னு போச்சு. எதும் தப்பாப் பேசிட்டமோன்னு ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல."

"எப்பம் நின்னுச்சு?"

"மாஸ்டர் இங்கிலீசுக்கு ஸ்பீடு டெஸ்ட் வச்சாவல்லா. நான் முப்பத்தஞ்சு, அவுக முப்பத்தாறு. அதுக்கு மறுநா."

எனக்கு விறுவிறுப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருகிற பாளையங்கோட்டை டீச்சரைப் பிடித்தேன். தமிழ் லோயரில் அவருக்கும் அக்காவுக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷின். "ஆமாம்மா, எனக்கு மாம்பழம் வந்துட்டு இருந்துது. ஆண்டவர் யாரோ ஒரு மகராசிய அனுப்பியிருக்காருன்னு சர்ச்சுல எல்லாரு முன்னாலயும் எந்திச்சு சாட்சியே சொன்னேன். சீசன் முடியதுக்கு முன்னாலயே நின்னுட்டு" என்றார். எப்போது என்று கேட்டேன். அதே கதை. அக்கா அவரை முந்திய வாரம்.

மறுநாள் வகுப்பு முடிந்து படி இறங்கும்போது நேராகவே கேட்டுவிட்டேன். "அக்கா, நான் ஒங்களுக்கு எதிராளியா?"

"ஆமா" என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

சைக்கிள் கடை பெஞ்சில் உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னாள். ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. "சும்மா உக்காந்து முன்னேறுன்னா எனக்கு முன்னேறத் தெரியாது புள்ள. எல்லாரும் சொல்லுதாவ, மனசுல உறுதி வேணும், லட்சியம் வேணும்னு. எனக்கு அதெல்லாம் காலைல அஞ்சு மணிக்கு எந்திக்கையில ஞாபகத்துக்கு வாரதில்ல. முன்னால ஒரு ஆளு ஓடணும். அது தெரிஞ்சா எந்திச்சிருவேன்."

அவள் பிறந்தது சீவலப்பேரி. கல்யாணம் ஆகும்வரை நடுகைக்குப் போனவள். "வரிசையா நின்னு நாத்து நடுவோம். கை கெட்டிக்காரி ஒருத்திய ஓரத்துல விடுவாவ. அவ கையப் பாத்து மத்த கையெல்லாம் போவும். மத்தியானம் கஞ்சி வந்தா மொதல்ல அவளுக்குத்தான் ஊத்துவாவ. ஏன்னு கேளு."

"ஏன்?"

"அவ தளந்தா வரிசையே தளந்துரும்லா."

சைக்கிள் ஓட்டப் பழகியதும் அப்படித்தானாம். முப்பது வயதுக்கு மேல் சைக்கிள் எடுத்தவள், தன் தெருவுக்கு வருகிற தபால்காரரை எதிராளியாக வைத்துக்கொண்டாள். அந்தக் கோடை முழுவதும் அவருக்கு அவள் வாசலில் மோர் கிடைத்தது. ரயில்வே கேட்டுக்கு முன்னால் அவரை முந்திய அன்றைக்கு மோர் நின்றது. "பாவம், ரெண்டு நாளு வாசல்ல நின்னு மணி அடிச்சுப் பாத்தாரு" என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்பம் என்னைய முந்திட்டா?" என்று கேட்டேன்.

"முந்திட்டா வேற ஆளு" என்றாள். சொல்லிவிட்டு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். காய்ச்சலில் நெற்றியைத் தொட்டது, ரசம் கொண்டுவந்தது எல்லாம் வரிசையில் ஓரத்தில் நிற்கிறவளுக்கு ஊற்றிய கஞ்சிதானா? என்னிடத்தில் யார் இருந்திருந்தாலும் அவளுக்கு ஒன்றுதானா? கோபம் வந்தது. என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒருவரைத் தோற்கடிக்க வேண்டும் என்று தோன்றியதும் அன்றுதான்.

இங்கே மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டைப்ரைட்டரில் ஒரு வரி முடியப் போகிறது என்றால் உள்ளே ஒரு சின்ன மணி அடிக்கும். உடனே இடது கையால் மேல்பாகத்தைத் தள்ளி அடுத்த வரிக்குப் போக வேண்டும். வரி எங்கே முடிய வேண்டும் என்பதை நாமே ஓர் ஊக்கை நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். அதுதான் மார்ஜின். எங்கள் மாஸ்டர் எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே மார்ஜின்தான் கொடுப்பார். ஆகவே யாருடைய மணி முதலில் அடிக்கிறதோ அவர் முன்னால் போகிறார் என்று அர்த்தம். எங்கள் கண் பாடத்தில் இருக்கும், விரல் மெஷினில் இருக்கும். அக்காவின் காது மட்டும் என் மணியில் இருந்தது. அவளுடைய மணி என் மணிக்கு எவ்வளவு பின்னால் அடிக்கிறது என்பதுதான் அவளுடைய கணக்கு.

நான் என் வலப்பக்க மார்ஜினை ஐந்து எழுத்து உள்ளே தள்ளி வைத்தேன். வரி சின்னதாகிவிட்டது. என் மணி முன்கூட்டியே அடித்தது.

முதல் நாள் என்ன ஆகிறது பார்க்கலாம் என்றுதான் செய்தேன். சத்தியமாக அவ்வளவுதான். நாலைந்து வரியிலேயே அவளுடைய மெஷின் தடதடக்க ஆரம்பித்தது. எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன. விரலால் பிரித்துவிட்டு மறுபடி அடித்தாள். தாளை உருவிப் பார்த்தபோது பத்துப் பதினைந்து பிழைகள் இருந்தன. வழக்கமாக அவளுக்கு மூன்று நாலுக்கு மேல் இருக்காது. "என்னம்மா, பேய் பிடிச்ச மாதிரி அடிக்கிய?" என்று மாஸ்டர் கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொறாமையோ கோபமோ அதில் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது. மறுநாள் எனக்கு இரண்டு கொய்யா வந்தது.

நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது, மூன்று வாரமும் மார்ஜினைத் தள்ளியே வைத்தேன். மாஸ்டர் பிழையை எண்ணுவாரே தவிரத் தாளின் ஓரத்தைப் பார்ப்பதில்லை. அவள் என்னைத் துரத்தித் துரத்தி, நிதானமாக அடித்துப் பழகிய கையைக் கெடுத்துக்கொள்வதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதுதான் உண்மை.

பரீட்சை ஒரு பாலிடெக்னிக்கில் நடந்தது. எங்கள் மெஷின்களை எல்லாம் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு மாஸ்டர் கல்யாணச் சீர் கொண்டுபோகிறவர் போல முன்னால் உட்கார்ந்து வந்தார். எனக்கு ஓர் அறை, அக்காவுக்கு வேறு அறை. பரீட்சையில் மார்ஜின் விதிப்படிதான் வைக்க வேண்டும், வைத்தேன். நேரத்துக்கு முடித்தேன். வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "புள்ள, எனக்கு ஒன்றர நிமிசம் மிச்சம். ஒன் மணி காதுக்குள்ளயே அடிச்சுட்டு இருந்துச்சு, விடாம ஓடிட்டேன்" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிடப் பரீட்சையில் ஒன்றரை நிமிடம் மிச்சம் என்றால் அந்தத் தாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ரிசல்ட் வந்தது. நான் முதல் வகுப்பு. அக்காவின் எண் இல்லை. பட்டியல் எடுத்தார்கள், அந்த அலுவலகத்து டைப்பிஸ்ட் நாற்காலிக்கு வேறோர் ஊரிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள்.

பத்து நாள் கழித்து அக்காவின் வீட்டுக்குப் போனேன். வளவுக்குள் வரிசையாக ஆறு வீடு, அவளுடையது கடைசி. தரையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். "வா, இங்கன உக்காரு" என்றாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கிறவரை அவள் கை கீரையை உருவிக்கொண்டே இருந்தது.

"எத்தன எழுத்து?" என்று கேட்டாள்.

"அஞ்சு."

உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டாள். "பன்னெண்டு வரிக்கு ஒரு வரி கூட வரும். அதான பாத்தேன். இவ மனுசியா மிசினான்னு நெனச்சுட்டே வீட்டுக்கு வருவேன்." அந்தக் குரலில் ஒரு புதிர் அவிழ்ந்த திருப்தி கூட இருந்தது. அது ஒரு நிமிடம்தான். கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். "என் நாற்காலியப் பறிச்சுட்டியேட்டி. அதுல இப்பம் வேற ஒருத்தி இருக்கா. நல்ல புள்ளதான், மரியாதையாத்தான் பேசுதா. அவளுக்கு நாந்தான் டீய வச்சிட்டு வாரேன். தெனமும் ரெண்டு நேரம்."

நான் அழுதேன். அழுது முடிப்பதற்குள் அவள் தட்டை இழுத்து மிச்சக் கீரையையும் உருவி முடித்தாள். பிறகு, "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வா. மார்ஜின ஒழுங்கா வச்சு அடி" என்றாள்.

"நான்தான் பாஸாயிட்டனே அக்கா."

"நான் ஆகலல்லா" என்றாள்.

போனேன். பாஸான பிள்ளை எதற்கு மறுபடியும் போகிறாள் என்று அப்பா கேட்டார், ஹை ஸ்பீடு பழகுகிறேன் என்று சொன்னேன். ஆறு மாதம், அதே இரண்டு மெஷின். முதல் சில வாரங்கள் அவள் எனக்கு எதுவும் கொண்டுவரவில்லை, பேசவும் இல்லை. உட்கார்ந்ததும் என் மார்ஜினைக் குனிந்து பார்ப்பாள், பிறகு அடிக்க ஆரம்பிப்பாள். அந்தக் குனிதல் ஒவ்வொரு நாளும் எனக்கு ஓர் அடி. அவளுடைய கை பதறாமல் பழைய நிதானத்துக்கு வர இரண்டு மாதம் பிடித்தது.

ஒரு நாள் இரக்கப்பட்டேன். அவளுக்கு ஒரு தைரியம் வரட்டுமே என்று விரலைக் கொஞ்சம் தளர்த்தி, அவளுடைய மணியை முதலில் அடிக்க விட்டேன். நாலாவது வரியில் அவள் மெஷினை நிறுத்தினாள். மொத்த வகுப்பும் அடித்துக்கொண்டிருந்தது. என் காதருகே குனிந்தாள்.

"என்ன, பைய அடிக்க?"

"இல்லக்கா, விரல் வலிக்கு."

"பொய் சொல்லாத. மொதல்ல கூட்டிக் காட்டுன, இப்பம் கொறச்சுக் காட்டுத. உள்ளத உள்ளபடி அடிக்க ஒனக்கு வரவே வராதா?"

அன்றைக்கு வீட்டுக்குப் போய் வாரப் பத்திரிகையைத் தொடவில்லை. இருபத்தோரு வயதுவரை நான் எதையுமே உள்ளபடி செய்ததில்லை என்பது உறைத்தது. படித்தது திட்டுக்குப் பயந்து, அடித்தது சீக்கிரம் வீட்டுக்குப் போக. மறுநாளிலிருந்து என்னால் முடிந்த முழு வேகத்தில் அடித்தேன். என் முழு வேகம் என்ன என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அது ஒவ்வொரு மாதமும் கூடிக்கொண்டே வந்தது. அக்கா பின்னாலேயே வந்தாள். எங்கள் இரண்டு மணியும் முன்னும் பின்னுமாக அடிப்பதைக் கேட்க மாஸ்டர் சில நாள் தன் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த ஓட்டத்திலேயே குரூப் ஃபோரும் எழுதினேன், கிடைத்தது. எப்படிப் படித்தாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். எந்தப் புத்தகத்தின் பெயரைச் சொல்வது?

அக்கா பாஸானாள். ஆறு மாதத்தில் வரும் என்றிருந்த அடுத்த பட்டியல் ஒன்றரை வருடமாக இழுத்து, அதில்தான் பெயர் வந்தது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஒரு பெட்டி, ஒரு வாளி, பாத்திரங்கள் கட்டிய ஒரு சாக்கு. நான் என்னென்னவோ பேச நினைத்திருந்தேன். பஸ் வந்ததும் அவள் சாக்கைத் தூக்கி மேலே கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஒன் வேகம் இப்பம் எவ்வளவு?"

"அறுவது."

"எனக்கு அம்பத்தாறு. இன்னும் நாலு இருக்கு" என்றாள். ஏறி உட்கார்ந்துகொண்டாள். பஸ் திரும்பிப் போகிறவரை எனக்கு அது என்ன பேச்சு என்று விளங்கவில்லை. விளங்கியதும் சந்தோஷம் தாங்க முடியவில்லை. அவள் இன்னும் என்னை முந்தவில்லை.

அடுத்த மாதம் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. நலம், நலமறிய ஆவல் எதுவும் கிடையாது. நடுவில் டைப் செய்த ஓர் எண்: ஐம்பத்தேழு. நானும் என் எண்ணை அடித்து அனுப்பினேன். மாதாமாதம் இப்படியே போனது. எனக்குக் கல்யாணம் ஆனது, டவுனில் ஓர் அலுவலகத்தில் வேலை, வீடு, சமையல். பக்கத்தில் துரத்துகிற மணி இல்லாததால் கை மெல்லப் பழைய சோம்பலுக்குப் போனது. ஒரு மாதம் அவளுடைய கார்டில் அறுபது என்று இருந்தது. நான் மத்தியானம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அடித்துப் பார்த்தேன். ஐம்பத்தொன்பது. மறுபடி அடித்தேன். ஐம்பத்தொன்பதுதான்.

அறுபத்திரண்டு என்று எழுதியிருக்கலாம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? எழுதினால் கார்டு வந்துகொண்டே இருக்கும். உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்று லேத் அண்ணனுக்கும் டீச்சருக்கும் தபால்காரருக்கும் தெரியும். அந்தக் கார்டை மூன்று நாள் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். நாலாம் நாள் ஐம்பத்தொன்பது என்று அடித்துத் தபாலில் போட்டேன். அவளிடம் மூன்றாவது முறையும் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கார்டு நின்றது. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். தெரிந்தே செய்ததுதான் என்றாலும் ரொம்ப வலித்தது. கல்லிடைக்குறிச்சியில் யாருக்கோ இப்போது கொய்யாப்பழம் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். முகம் தெரியாத அந்த ஆளின் மேல் பொறாமைப்பட்டேன். பிறகு ஒரு நாள் காலையில், யாரும் சொல்லாமல், எட்டரை மணிக்கே அலுவலகத்துக்குப் போய் மெஷினின் உறையை எடுத்தேன். மற்றவர்கள் வருவதற்குள் ஒரு மணி நேரம் அடித்தேன். மறுநாளும் போனேன். வீட்டில் என்ன அவசர வேலை என்று கேட்டார்கள். என் முன்னால் ஒரு ஆள் ஓடுகிறாள் என்று எப்படிச் சொல்வது?

ஏழு மாதம் ஆனது. அறுபத்துமூன்று வந்த அன்றைக்கு, ஒரு தடவைக்கு மூன்று தடவை அடித்துச் சரிபார்த்துவிட்டு, அந்த எண்ணை மட்டும் ஒரு கார்டில் அடித்துப் போட்டேன். பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

நாலாம் நாள் வந்தது. கார்டின் நடுவில், ஒரு பிழையும் இல்லாமல், இரண்டே வரி:

"அறுபத்துநான்கு.
இவ்வளவு நாள் எங்கே போனாய்?"